ஏ.பி. உயிரியல்

அமெரிக்க மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் இருந்துகொண்டே படிக்கும் கல்லூரி முதலாண்டுத் தர உயிரியல் பாடம் ஏ.பி. உயிரியல். ஏ.பி. என்பது 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற திட்டப் பெயரின் சுருக்கம். பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வை நடத்துவதும் நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட காலேஜ் போர்டு என்னும் லாப நோக்கற்ற அமைப்பு. தேர்வு ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கியவர் கல்லூரிப் பாடத்துக்குத் தகுதி பெற்றவர், 4 வாங்கியவர் நல்ல தகுதி பெற்றவர், 5 வாங்கியவர் மிகச் சிறந்த தகுதி பெற்றவர் என்பது போர்டின் கணக்கு. அந்தக் கணக்கை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். இப்பாடத்தைப் பற்றிப் பெற்றோரிடம் நிலவும் குழப்பத்தில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பெரும்பாலும் 11ஆம் அல்லது 12ஆம் வகுப்பில் இதை எடுக்கிறார்கள். பள்ளி உயிரியலையும் வேதியியலையும் முன்பே முடித்திருக்க வேண்டும் என்பது போர்டின் பரிந்துரை. அது கட்டாயமல்ல, 9ஆம் வகுப்பிலேயே துணிந்து இறங்குபவர்களும் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் இத்தேர்வை எழுதுகிறார்கள். ஏ.பி. அறிவியல் பாடங்களில் அதிகம் பேர் எழுதுபவற்றுள் இது ஒன்று.

தோற்றம்

எல்லாப் பள்ளிகளுக்கும் என்று தொடங்கப்பட்ட திட்டம் அல்ல இது. ஃபோர்டு அறக்கட்டளை 1951இல் கல்வி மேம்பாட்டுக்காக ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்களின் படிப்புக் காலம் வீணாகக் கூடாது என்ற கவலை அப்போது பலருக்கும் இருந்தது. நிதியத்தின் பண உதவியோடு ஆண்டோவர், எக்ஸெட்டர், லாரன்ஸ்வில் என்னும் மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படித்ததையே கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் படிக்கிறார்கள், கெட்டிக்கார மாணவர்கள் சலித்துப்போகிறார்கள் என்று 1952இல் வந்த அறிக்கை சொன்னது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஒஹாயோ மாநிலத்தின் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று, சில கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு, 11 பாடங்களில் கல்லூரித் தரத்தைப் பள்ளியிலேயே எட்டும் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அந்தப் 11இல் உயிரியலும் ஒன்று.

1954இல் வெள்ளோட்டத் தேர்வு நடந்தது. அடுத்த ஆண்டு பொறுப்பு காலேஜ் போர்டுக்குக் கைமாறியது. போர்டு நடத்திய முதல் தேர்வு 1956 மே மாதம். எல்லாப் பாடங்களையும் சேர்த்து 104 பள்ளிகளின் 1,229 மாணவர்கள் 2,199 தேர்வுகளை எழுதினார்கள். வசதியான பள்ளிகளின் உயர்தர மாணவர்களுக்கான ஏற்பாடாகவே அது அன்று இருந்தது.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் நிலை மாறியது. அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அறிவியல் கல்வி பாதுகாப்பின் பெயரில் நிதி பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 1958இல் உயிரியல் பாடத்திட்ட ஆய்வுக் குழு தோன்றியது. அது 1963இல் நீலம், மஞ்சள், பச்சை என்று அட்டை நிறத்தால் அழைக்கப்பட்ட மூன்று பாடநூல்களை வெளியிட்டது. அவை ஏ.பி. நூல்கள் அல்ல, சாதாரணப் பள்ளி உயிரியல் நூல்கள். ஆனால் ஏ.பி. உயிரியல் பின்னாளில் நின்ற தரையைச் சமன்படுத்தியவை அவையே. முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் புத்தகங்கள் ஒதுக்கிவைத்த பரிணாமக் கொள்கையை அவை மீண்டும் நடுவே கொண்டுவந்து வைத்தன.

பரிணாமம்

டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் 1925 ஜூலையில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு பின்னர் மேல்முறையீட்டில் தொழில்நுட்பக் காரணத்தால் நீக்கப்பட்டது என்றாலும், தடைச் சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது. வழக்குக்குப் பிறகு பதிப்பகங்கள் வம்பு வேண்டாமென்று அந்த அத்தியாயத்தைச் சுருக்கின, அல்லது விட்டுவிட்டன. 1960களில் புதிய நூல்கள் வந்தபோது ஆர்கன்சாவில் அவற்றைக் கையில் எடுப்பதே குற்றமாக இருந்தது. லிட்டில் ராக் நகர உயிரியல் ஆசிரியை சூசன் எப்பர்சன் வழக்குத் தொடுத்தார். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் படைப்புக் கொள்கையை வகுப்பறைக்குள் கொண்டுவர முயன்றபோதும் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது.

இந்தச் சண்டையில் ஏ.பி. பாடத்துக்கு ஒரு தனிப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் பள்ளிப் பாடத்தைத் தீர்மானிப்பவை மாநிலங்களும் உள்ளூர் வாரியங்களும். ஏ.பி. தேர்வோ நாடு முழுவதும் ஒன்றே. அலபாமாவில் எழுதினாலும் மாசசூசெட்ஸில் எழுதினாலும் அதே வினாத்தாள். இயற்கைத் தேர்வு பற்றிய அலகுக்கு மட்டும் பலவாய்ப்பு வினாக்களில் 13 முதல் 20 சதவீத இடம். அதைக் கற்பிக்காத ஆசிரியர் தம் மாணவர்களைத் தெரிந்தே தோல்விக்கு அனுப்புகிறார் என்று பொருள். சட்டத்தாலும் தீர்ப்பாலும் சாதிக்க முடியாததை ஒரு வினாத்தாள் சத்தமில்லாமல் சாதித்திருக்கிறது என்று சொல்லலாம்.

பெருத்துப்போன பாடம்

ஏ.பி. திட்டம் கருக்கொண்ட ஆண்டுகளிலேயே, 1953இல், வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டார்கள். 1960களில் மரபுக் குறியீடு விடுவிக்கப்பட்டது. 1970களில் மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பம், 1980களில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பி.சி.ஆர்., 2003இல் மனித மரபணுத்தொகுதியின் வரைபடம். உயிரியல் அளவுக்கு இந்த அரை நூற்றாண்டில் உருமாறிய பள்ளிப் பாடம் வேறில்லை. புதியவை ஒவ்வொன்றும் பாடத்திட்டத்தில் சேர்ந்தன. பழையவற்றில் எதுவும் விலகவில்லை. புதுப் பாத்திரங்கள் வந்துகொண்டே இருக்க, பழையதில் ஒன்றைக்கூடப் பரணில் ஏற்றாத சமையலறையாகிவிட்டது ஏ.பி. உயிரியல்.

நீல் கேம்பெல் எழுதி 1987இல் முதற்பதிப்பு கண்ட 'பயாலஜி' இந்தக் காலத்தின் அடையாள நூல். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்தப் புத்தகம் முதலில் கல்லூரிக்காக எழுதப்பட்டது, பின்னர் ஏ.பி. வகுப்புகளின் நிலையான துணையாகிவிட்டது. கேம்பெல் 2004இல் மறைந்த பிறகும் வேறு ஆசிரியர்களின் கையில் அவர் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அனைத்துலக உயிரியல் ஒலிம்பியாடுக்குத் தயாராகும் மாணவர்கள் முதலில் தூக்குவதும் அதைத்தான். இலங்கையில் உயர்தர உயிரியல் படிப்பவர்களுக்கும் கேம்பெல் பழகிய பெயர். ஆனால் ஒரே கல்வியாண்டில், அதுவும் மே மாதத் தொடக்கத்துக்குள், அதை முழுதும் நடத்த முயன்ற ஆசிரியர்கள் ஓட்டமும் நடையுமாகவே ஆண்டைக் கழித்தார்கள். தாவரத் தொகுதிகள், விலங்குத் தொகுதிகள், மனித உறுப்பு மண்டலங்கள் ஒவ்வொன்றும், ஒளிச்சேர்க்கையின் ஒவ்வொரு படியும் மனப்பாடம்.

பழைய தேர்வு அதற்கேற்றாற்போல் இருந்தது. 80 நிமிடத்தில் 100 பலவாய்ப்பு வினாக்கள். பிறகு 90 நிமிடத்தில் நான்கு கட்டுரைகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கும் முறையும் இருந்தது; அது 2011இல் ஒழிந்தது. விடையில் எத்தனை சரியான செய்திகள் இருக்கின்றன என்று எண்ணி மதிப்பெண் போடும் கட்டுரைகளில், வேகமாக எழுதத் தெரிந்தவர்களே தேறினார்கள்.

2012 மாற்றம்

அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2002இல் ஏ.பி. அறிவியல் பாடங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பரப்பு மிகுதி, ஆழம் குறைவு, புரிதலைவிட நினைவாற்றலுக்கே மதிப்பு என்பது அதன் சாரம். காலேஜ் போர்டு உடனே அசையவில்லை. திருத்திய உயிரியல் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டு 2012–13 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் மாற்றம் கண்ட ஏ.பி. அறிவியல் பாடம் உயிரியலே.

பாடம் முழுவதும் நான்கு பெருங்கருத்துகளின் கீழ் அடுக்கப்பட்டது: பரிணாமம், ஆற்றல், தகவலைச் சேமித்துக் கடத்துதல், மண்டலங்களின் ஊடாட்டம். இதைவிட முக்கியமானது, எது தேவையில்லை என்று எழுத்தில் சொல்லப்பட்டது. ஒளிச்சேர்க்கையில் வரும் கால்வின் சுழற்சியின் படிகள், அங்கே வேலை செய்யும் நொதிகளின் பெயர்கள், மூலக்கூறுகளின் அமைப்பு இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று திட்டமே அறிவித்தது. நொதிகளில் ஏ.டி.பி. சிந்தேஸ் ஒன்றுக்கு மட்டும் விலக்கு. ஒரு பாடத்திட்டம் தன் எல்லைக்கு வெளியே இருப்பதை இப்படி வரையறுப்பது அரிது; இந்தச் சீர்திருத்தத்தின் மிகத் துணிவான பகுதி என்று என் கணிப்பில் இதையே சொல்ல வேண்டும். தொகுதி வாரியான உயிரினப் பட்டியல் போனது. மனித உடலின் உறுப்பு மண்டலங்களில் பெரும்பாலானவை போயின. மகன் மருத்துவராகப் போகிறான், அதற்கு அடித்தளமாக இந்தப் பாடம் என்று நினைக்கும் பெற்றோர், இதயத்தின் அறைகளையோ சிறுநீரகத்தின் நுண்குழல்களையோ இதில் தேடினால் ஏமாந்துபோவார்கள்.

திருத்திய திட்டத்தின்படி நடந்த முதல் தேர்வின் முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. 2012இல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 5 வாங்கியிருந்தார். 2013இல் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. 1 வாங்கியவர்களின் பங்கும் வெகுவாகக் குறைந்து, நடுவில் இருப்பவர்கள் பெருகினார்கள். மனப்பாடத்தால் உச்சிக்குப் போனவர்கள் இறங்கினார்கள், வினாவிலேயே தரவு இருந்ததால் அடித்தட்டில் இருந்தவர்கள் ஏதேனும் எழுத முடிந்தது என்று இதை விளக்கலாம். இன்று அந்த உச்சி மீண்டும் விரிந்திருக்கிறது: 2024இல் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் 5 பெற்றார்கள், மூன்றில் இருவருக்குச் சற்று அதிகமானோர் 3 அல்லது அதற்கு மேல்.

2019–20இல் இன்னொரு திருத்தம் வந்தது. பாடம் எட்டு அலகுகளாயிற்று. உயிரின் வேதியியல், செல்லின் அமைப்பும் பணியும், செல் ஆற்றலியல், செல்களுக்கிடையே தொடர்பும் செல் சுழற்சியும், மரபுவழி, மரபணு வெளிப்பாடும் ஒழுங்குபாடும், இயற்கைத் தேர்வு, சூழலியல் என்ற இந்த வரிசை வேதிமூலக்கூறில் தொடங்கிக் காட்டில் முடிகிறது.

ஆய்வுக்கூடம்

வகுப்பு நேரத்தில் கால் பங்காவது ஆய்வுக்கூடத்தில் கழிய வேண்டும் என்பது விதி. பழைய கையேட்டில் 12 சோதனைகள் இருந்தன. சமையல் குறிப்புப்படி செய்து, எதிர்பார்த்த விடையைப் பதிவேட்டில் எழுதினால் போதும். 2012இல் வந்த கையேட்டில் 13 ஆய்வுகள். அவற்றில் கேள்வியை மாணவரே எழுப்ப வேண்டும்.

ஒளிச்சேர்க்கைச் சோதனை இந்த மாற்றத்துக்கு நல்ல சான்று. பசலைக் கீரை இலையிலிருந்து சிறு வட்டத் துண்டுகளை வெட்டியெடுத்து, சமையல் சோடா கரைத்த நீரோடு ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குள் போடுகிறார்கள். சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துத் தண்டை இழுத்தால், இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறி அந்த இடத்தில் நீர் புகும், துண்டுகள் மூழ்கிவிடும். பிறகு அவற்றைக் கோப்பையில் ஊற்றி விளக்கின் கீழ் வைக்கிறார்கள். ஒளிச்சேர்க்கை தொடங்கி ஆக்சிஜன் இலைக்குள் சேரச் சேர, துண்டுகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். பாதித் துண்டுகள் மிதக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே அளவீடு. இதுவரை எல்லாக் குழுவும் ஒன்றே. இதற்குப் பிறகு குழுக்கள் பிரிகின்றன: விளக்கின் தூரத்தை மாற்றினால் என்ன, நிறத்தை மாற்றினால் என்ன, முதிர்ந்த இலைக்கும் தளிருக்கும் வேறுபாடு உண்டா, சோடா இல்லாவிட்டால் என்ன? கருவிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நம் ஊர்ப் பள்ளியிலும் இதை நாளையே செய்யலாம்.

எல்லாச் சோதனைகளும் இப்படி மலிவானவை அல்ல. பாக்டீரிய உருமாற்றச் சோதனையில், ஈ.கோலை பாக்டீரியத்துக்குள் ஒரு பிளாஸ்மிட் புகுத்தப்படுகிறது. அதில் ஆம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் மரபணுவும், ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவும் இருக்கின்றன. பனிக்கட்டியில் வைத்த பாக்டீரியத்தை 42 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து எடுக்கும் வெப்ப அதிர்ச்சியில் பிளாஸ்மிட் உள்ளே நுழைகிறது. நான்கு தட்டுகளில் வளர்க்கிறார்கள். பிளாஸ்மிட் பெறாதவை ஆம்பிசிலின் தட்டில் வளராது. பெற்றவை வளரும், ஆனால் அரபினோஸ் என்னும் சர்க்கரை கலந்த தட்டில் மட்டுமே புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். மரபணு இருப்பது வேறு, அது வெளிப்படுவது வேறு என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் புரதத்தைக் கண்டறிந்து வளர்த்தெடுத்ததற்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பதின்வயதுப் பிள்ளைகள் பள்ளியில் அதைச் செய்துபார்க்கிறார்கள் என்பது வியப்புதான். ஆனால் அடைகாப்பானும் புற ஊதா விளக்கும் சோதனைத் தொகுப்பும் வாங்க முடியாத பள்ளியில் இதே பாடம் காணொளியாகச் சுருங்கிவிடுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் வில்லியம்ஸ் உருவாக்கிய, நாற்பது நாட்களுக்குள் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும் கடுகுக் குடும்பச் செடியை வைத்து, ரோமம் அதிகமுள்ள செடிகளை மட்டும் இனப்பெருக்கம் செய்வித்துச் செயற்கைத் தேர்வைப் பார்ப்பதும், ஒரு தொல்லுயிரின் மரபணு வரிசை என்று தரப்பட்டதை இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு அதன் உறவினரைக் கண்டுபிடிப்பதும் மற்ற ஆய்வுகளில் அடங்கும்.

தேர்வு

மூன்று மணி நேரம். முதல் 90 நிமிடத்தில் 60 பலவாய்ப்பு வினாக்கள். அடுத்த 90 நிமிடத்தில் எழுத்து விடை கோரும் ஆறு வினாக்கள், அவற்றில் இரண்டு நெடியவை, நான்கு குறியவை. இரு பகுதிக்கும் சம மதிப்பு. சூத்திரத் தாளும் கணிப்பானும் உண்டு.

வினாக்களின் போக்கை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். இரு முனைகள் கொண்ட குழாயில் 40 பழ ஈக்களை விடுகிறார்கள். ஒரு முனையில் வாழைப்பழம், மறுமுனையில் வெறும் நீர். சிறிது நேரம் கழித்து 30 ஈக்கள் பழத்தின் பக்கமும் 10 நீரின் பக்கமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஈக்களுக்கு விருப்பு வெறுப்பு இல்லையென்றால் பக்கத்துக்கு 20 இருந்திருக்க வேண்டும். கை-வர்க்கச் சோதனையில் ஒவ்வொரு பக்கமும் வேறுபாடான 10இன் வர்க்கம் 100ஐ 20ஆல் வகுத்து 5 வருகிறது, கூட்டினால் 10. அட்டவணையில் எல்லை 3.84. பத்து அதைவிடப் பெரிது. எனவே இது தற்செயல் என்ற கருதுகோளைத் தள்ளலாம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தால் பாதி மதிப்பெண்தான். ஈக்கள் பழத்தை நாடுவது அவற்றின் உயிர்வாழ்வுக்கு எப்படி உதவுகிறது, சோதனையில் கட்டுப்பாட்டுக் குழு எது, ஒளி ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் முடிவு என்னவாகும் என்று கேள்வி நீளும்.

ஹார்டி–வெயின்பெர்க் சமன்பாடு, நீரியல் திறன், வரைபடத்தில் பிழைக்கோடுகளை இட்டு இரு சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று சொல்வது ஆகியவையும் அடிக்கடி வருபவை. அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுத மறந்து மதிப்பெண்ணை இழப்பது நல்ல மாணவர்களிடமும் உள்ள பழக்கம். 'அடையாளம் காண்க' என்றால் ஒரு சொல் போதும். 'விளக்குக' என்றால் காரணம் வேண்டும். 'நியாயப்படுத்துக' என்றால் சான்று வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதிலேயே வகுப்பின் கடைசி மாதம் கழிகிறது.

எழுத்து விடைகளை ஜூன் மாதத்தில் கல்லூரிப் பேராசிரியர்களும் அனுபவமுள்ள ஏ.பி. ஆசிரியர்களும் கூடித் திருத்துகிறார்கள். முடிவு ஜூலையில் வரும். 2020இல் பெருந்தொற்று காரணமாக வீட்டிலிருந்தே, புத்தகத்தைப் பார்த்தே எழுதும் குறுந்தேர்வு நடந்தது. விடைகளை இணையத்தில் ஏற்ற முடியாமல் ஒரு பகுதியினர் திண்டாடினார்கள். நீதிமன்றம் வரை சென்றது அது. 2025 முதல் வினாக்கள் கணினித் திரையில் வருகின்றன. பலவாய்ப்பு விடையைத் திரையில் தேர்ந்தெடுத்து, எழுத்து விடையைத் தாளில் கையால் எழுத வேண்டும்.

மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் விலை

தேர்வுக் கட்டணம் அமெரிக்காவில் ஏறத்தாழ 100 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆகும் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு. ஆகவே அந்தப் பாடத்தை முடித்ததாகக் கல்லூரி ஏற்கும் கிரெடிட் கிடைத்தால் லாபம் பெரிது. கிடைக்குமா என்பதே கேள்வி.

இல்லினாய் மாநிலம் 2015இல் இயற்றிய சட்டத்தின்படி, 2016–17 முதல் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் 3 வாங்கியவருக்குக் கிரெடிட் தந்தாக வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்குக் கிரெடிட் அலகுகள் தருகிறது. ஆனால் உயிரியல் துறை தன் முதற்பாடத்துக்குப் பதிலாக அதை ஏற்குமா என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும். எம்.ஐ.டி. ஏ.பி. உயிரியலுக்குக் கிரெடிட் தருவதில்லை. தான் நடத்தும் தனித் தேர்வில் தேறினால் மட்டுமே அங்கு விலக்கு. டார்ட்மத் கல்லூரி 2013இல், எந்த ஏ.பி. பாடத்துக்கும் இனி கிரெடிட் இல்லை என்று அறிவித்தது. அங்குள்ள உளவியல் துறை, ஏ.பி. உளவியலில் 5 வாங்கி வந்தவர்களுக்குத் தன் முதற்பாடத் தேர்வை வைத்துப் பார்த்தபோது மிகப் பெரும்பாலோர் தேறாதது இதற்குப் பின்னணி. அந்தச் சோதனையின் முறையைக் காலேஜ் போர்டு ஏற்கவில்லை.

மருத்துவக் கல்லூரிகளின் நிலை இன்னும் இறுக்கமானது. இரண்டு பருவ உயிரியலும் ஆய்வுக்கூடமும் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. சில ஏ.பி.யை ஏற்பதே இல்லை. வேறு சில, ஏ.பி.யால் முதற்பாடத்தைத் தாண்டியவர் அதற்கு ஈடாக மேல்நிலை உயிரியல் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்கின்றன. மருத்துவராக விரும்பும் மாணவருக்கு இதனால் மிச்சமாவது நேரமோ பணமோ அல்ல, அடுத்த பாடத்தில் தடுமாறாமல் நிற்கும் தெம்பு மட்டுமே. அது சிறிய லாபம் அல்ல என்பதே ஆசிரியர்கள் பலரின் கருத்து.

யாருக்குக் கிடைக்கிறது

2007இலிருந்து ஏ.பி. என்ற பெயரைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர் தம் பாடத்திட்டத்தைக் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். தரம் ஓரளவு ஒன்றானது. வாய்ப்பு ஒன்றாகவில்லை. நாட்டுப்புறப் பள்ளிகளிலும் ஏழை நகர்ப்பகுதிப் பள்ளிகளிலும் ஏ.பி. அறிவியல் வகுப்பு இல்லாமலிருப்பது சாதாரணம்; வகுப்பு இருந்தாலும் ஆய்வுக்கூடம் இருக்காது.

வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜே மேத்யூஸ் 1998இல் வெளியிடத் தொடங்கிய பள்ளித் தரவரிசை, ஒரு பள்ளியில் எத்தனை தேர்வுகள் எழுதப்பட்டன என்பதையே எண்ணியது. எத்தனை பேர் தேறினார்கள் என்பதை அல்ல. கதவைத் திறந்துவிடும் பள்ளிக்கு மதிப்புக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் பல பள்ளிகள் கதவைத் திறந்தன; தயாரில்லாத மாணவர்களை உள்ளே தள்ளின என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பல பள்ளிகள் ஏ.பி. பாடத்தில் வாங்கும் ஏ கிரேடுக்கு 4க்குப் பதில் 5 புள்ளி தருவதால், சராசரியை உயர்த்துவதற்காகவே எடுப்பவர்களும் உண்டு. இதற்கு நேர் எதிராக, வாஷிங்டன் பகுதியின் எட்டுப் புகழ்பெற்ற தனியார் பள்ளிகள் 2018இல் கூட்டாக ஏ.பி. பாடங்களைக் கைவிடப்போவதாக அறிவித்தன. அவற்றில் சிட்வெல் ஃபிரெண்ட்ஸும் ஒன்று. இப்படிப்பட்ட பள்ளிகள் தொடங்கி வைத்த திட்டத்திலிருந்து இப்படிப்பட்ட பள்ளிகளே விலகுகின்றன. சேர்க்கை அதிகாரிகளிடம் அவற்றின் பெயரே போதுமானதாக இருக்கிறது. பெயரில்லாத ஊரின் அரசுப் பள்ளி மாணவிக்கு ஏ.பி.யின் 5 இன்னும் தேவைப்படுகிறது.

இதே பணியைச் செய்யும் வேறு வழிகளும் அமெரிக்காவில் உள்ளன. 1968இல் ஜெனீவாவில் தோன்றிய இன்டர்நேஷனல் பாக்கலோரியட்டில் உயர்நிலை உயிரியலுக்கு 7 வரை மதிப்பெண். மாணவர் தாமே செய்யும் ஆய்வுக்கும் அதில் பங்கு உண்டு. உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் நேரடியாகச் சேர்ந்து படிக்கும் இரட்டைச் சேர்க்கையில் ஒரு நாள் தேர்வின் அபாயம் இல்லை. ஆனால் அந்தக் கிரெடிட் வெளிமாநிலத்தில் செல்லுபடியாகுமா என்பது நிச்சயமில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு

நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஏ.பி. உயிரியல் வீட்டுச் சொல். பெற்றோர் தங்கள் பிளஸ் டூ உயிரியலின் நினைவோடு இதை அணுகுகிறார்கள், அங்கேதான் சிக்கல். தாவரவியல், விலங்கியல் என்ற பிரிவு இதில் இல்லை. 'நீட்' தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியல்; தவறுக்கு மதிப்பெண் கழியும்; மருத்துவ இடமே அதில் தீர்மானமாகும். ஏ.பி.யில் தவறுக்குக் கழிவு இல்லை, எந்தக் கல்லூரி இடமும் அதனால் மட்டும் உறுதியாவதில்லை. பாடநூலின் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்து நீட்டில் வெல்லலாம், ஏ.பி.யில் அது 3க்கு மேல் கொண்டுபோகாது. அமெரிக்கப் படிப்பை நோக்கும் இந்திய மாணவர்களும் சில மையங்களில் இத்தேர்வை எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் கூடுதல்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாணவரும் பெற்றோரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஏ.பி. கிரெடிட் விதியை வெளியிடுகிறது. உயிரியலுக்கு எத்தனை வேண்டும், எந்தப் பாடத்துக்கு ஈடாகும், ஆய்வுக்கூடக் கிரெடிட்டும் சேருமா என்ற மூன்றையும் அதில் பாருங்கள். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்கும் கிடைக்கும் என்று இருந்துவிட வேண்டாம்.